அடக்க விலை

என் அண்ணன் மகளுடைய அறிவின் விலை வருடத்துக்குப் பதினெட்டாயிரத்து நானூறு. தங்குவதும் தின்பதும் தனி, அதற்கு ஆறாயிரத்து இருநூறு. கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் வரி வரியாகப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, உங்களுக்கு வழங்கப்படும் உதவித்தொகை ஐயாயிரம் என்று ஒரு வரி. அதற்கும் கீழே, மாணவர் கடனாக வங்கியில் ஏழாயிரம் வரை கிடைக்கும், படித்து முடித்து வேலைக்குப் போனபின் கட்டினால் போதும் என்று இன்னொரு வரி. மீதி பன்னிரண்டாயிரத்து அறுநூறைப் பற்றிக் கடிதம் எதுவும் சொல்லவில்லை. அது எங்கள் தலையில் என்பது சொல்லாமலே விளங்கிவிட்டது. எங்கள் கடையைத் தலைகீழாகத் தூக்கி உலுக்கினாலும் அவ்வளவு உதிராது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் என்று கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

அவள் படிக்கப்போவது நிலவியல். கல், மண், பாறை, அதற்கு அடியில் இருக்கும் பாறை. "கல்லப் பத்தித் தெரிஞ்சுக்க இவ்வளவா?" என்று அண்ணன் கடிதத்தை முகத்துக்கு நேராகவும் தூரமாகவும் பிடித்துப் பார்த்தார். "கல்லே சும்மாதான கெடக்கு!"

எங்களுடையது பைகளும் பயணப் பெட்டிகளும் விற்கும் கடை. அண்ணன் முதலாளி, அண்ணி கல்லாப்பெட்டி, தங்கை நான் வாசல். இதில் ஒரு திருத்தம், 'முதலாளி' என்று நாங்கள் கூப்பிடுவது அண்ணனை அல்ல, அவருடைய மகளை. மூன்று வயதில் கல்லாவின் மேல் உட்கார்ந்துகொண்டு, பெட்டியின் ஜிப்பைச் சும்மா இழுத்து இழுத்துப் பார்த்த ஒருவரை "வாங்கறதுன்னா தொடு" என்று அதட்டினாள். அன்றிலிருந்து அந்தப் பட்டம் இறங்கவே இல்லை. அண்ணனுக்குத் தெருவில் வேறு பெயர், 'கடைசி வெல'. வாடிக்கையாளர் வாய் திறக்குமுன்பே "கடைசி வெல சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். அதிலிருந்து பேரம் தொடங்கி, அரைமணி நேரம் கழித்து அதில் பாதிக்கு வந்து நிற்பார்.

வாசலில் என் வேலை கூப்பிடுவது. பேரம் படியாமல் ஆள் வெளியே நடக்கும்போது எப்போது கூப்பிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உடனே கூப்பிட்டால் நாம் தவிக்கிறோம் என்று தெரிந்துவிடும், விலை இன்னும் இறங்கும். பக்கத்தில் இருக்கும் செருப்புக்கடையைத் தாண்டவிட்டால் ஆள் போனதுதான். செருப்புக்கடை வாசலில் அவர்கள் சும்மா ஒரு செருப்பை எடுத்துப் பார்ப்பது போல நிற்பார்கள் பாருங்கள், அந்த நேரத்தில் "சரி, வாங்க, வாங்க, உங்களுக்காக" என்று குரல் கொடுக்க வேண்டும். திரும்பி வருகிறவர்கள் முகத்தில் போர் ஜெயித்த களை இருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆகவே ஐயாயிரம் என்ற எண்ணைப் பார்த்ததும் அண்ணன் கலங்கவில்லை. அவருக்கு உற்சாகம்தான் வந்தது. "மொதல் வெல சொல்லியிருக்காங்க. மொதல் வெலைக்கு எவன் வாங்குவான்? நாளைக்குப் போறோம்" என்றார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு, கழற்றி, கொஞ்சம் கசங்கியதை எடுத்துக்கொண்டார். அண்ணி சிரித்தாள். "சரக்கு எடுக்கப் போறப்ப அந்தச் சட்ட, உதவி கேக்கப் போறப்ப இந்தச் சட்டயா?" அண்ணியைக் கல்லாவில் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம்.

கல்லூரியின் உதவித்தொகை அலுவலகம் ஒரு நீண்ட நடைவழியின் கடைசியில் இருந்தது. அங்கே இருந்த அதிகாரி அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, எங்கள் விண்ணப்பத்தைத் திரையில் கொண்டுவந்து, "சொல்லுங்க" என்றார். அண்ணன் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். சரக்குக்கு முன்னால் உட்காரும் தோரணை.

"மேடம், நம்ம பொண்ணு. மார்க்கப் பாருங்க. ஐயாயிரம்னு போட்டிருக்கீங்க. ஒரு பதினஞ்சுன்னு முடிச்சுக்குவோம்."

"முடிச்சுக்கறதா?"

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பன்னெண்டு."

"சார், இது உங்க வருமானம், சொத்து, கடையில இருக்கற சரக்கு எல்லாத்தையும் வச்சுக் கணக்குப் போட்டு வர்ற தொகை. பேசி வர்றது இல்ல."

"எல்லாம் பேசி வர்றதுதான் மேடம்" என்று அண்ணன் பெருந்தன்மையாகச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்தார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "அப்ப விடுங்க. நாங்க வேற காலேஜ் பாத்துக்கறோம்." வேறு கல்லூரி என்று எதுவும் இல்லை. முதலாளி விண்ணப்பித்திருந்ததே இது ஒன்றுக்குத்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அண்ணன் அவசரமில்லாமல் கதவைத் திறந்து, அகலமாகவே திறந்து வைத்து, வெளியே நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

நடைவழியில் ஒரு குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. அதுதான் அவருடைய செருப்புக்கடை. டம்ளரைக் கழுவினார். மறுபடி கழுவினார். ஒரு காது கதவுப் பக்கம் இருக்கும்படி நின்று சொட்டுச் சொட்டாகக் குடித்தார். இவ்வளவு வருடம் வாசலில் நின்று ஊரையே கூப்பிட்ட எனக்கு, ஒருவர் கூப்பிடுவார் என்று காத்து நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது. அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு, முகத்தை அலட்சியமாக வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அடுத்தது யாரு?"

சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனும் மகனும் எழுந்து உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் மூன்று பேரும் காலியான பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன், இது புது மாதிரியான பேரம், இவர்கள் கெட்டிக்காரர்கள், நாளைக்கு போன் வரும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. முதலாளி விண்ணப்பத்தின் நகலைப் பிரித்து ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துப் பார்த்தாள். கல்லூரிக்கு அவள் அதைக் கணினியில் நிரப்பியது எனக்கு நினைவிருக்கிறது. 'கையிருப்புச் சரக்கின் மதிப்பு' என்று கேட்டிருந்த இடத்தில் அவள் நிறுத்த, அண்ணன் கடையைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் தட்டிக்கொண்டே வந்தாள்.

"அப்பா, சரக்குக்கு நீங்க சொன்ன வெலையத்தான் போட்டேன். அது எந்த வெல?"

"வெலதான்."

"எந்த வெலப்பா?"

அண்ணன் கதவைப் பார்த்தார். "சொல்ற வெல."

வெளியாட்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் கடையில் ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று விலை. முதலில் வாயில் வருவது சொல்லும் விலை. பேரம் படிந்து கை மாறுவது கொடுக்கும் விலை. மொத்த வியாபாரியிடம் நாங்கள் வாங்கியது அடக்க விலை. முதல் இரண்டும் தெருவுக்கே தெரியும். அடக்க விலை அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். கொள்முதல் பில்களை இடுப்பில் கட்டியிருக்கும் பைக்குள் மடித்து வைத்திருப்பார், குளிக்கும்போது மட்டும் அதை அவிழ்த்துக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மாட்டுவார். கல்யாணமாகி இருபது வருடம் கழித்தும் அண்ணிக்கு ஒரு பெட்டியின் அடக்கம்கூடத் தெரியாது. அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு கணினி, முன்பின் தெரியாத கணினி, சரக்கு எவ்வளவு பெறும் என்று கேட்டால் எதைச் சொல்வார்? ஊரில் யாரும் கொடுக்காத, கொடுக்கவும் போகாத, அந்த முதல் விலையைத்தான் சொல்லியிருக்கிறார்.

முதலாளி கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்த, இந்தத் தாள்ல நாம பெரிய பணக்காரங்க. அவங்க ஐயாயிரம் குடுத்ததே அதிகம்."

வாழ்க்கையில் முதல்முறையாக நான் பணக்காரி ஆனேன், அதுவும் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத இடத்தில்.

"அடக்கத்தச் சொன்னா மாத்துவாங்களா?" என்று அண்ணன் கேட்டார். மறுபரிசீலனை என்று ஒன்று உண்டாம், கடிதத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. தப்பைத் திருத்தி, சான்று காட்டினால் குழு மறுபடி பார்க்கும். "ஆனா வாயால சொல்லித்தான் ஆகணும்பா. மொத்த வியாபாரி பில்லு எழுத்து உங்களத் தவிர வேற யாருக்கும் புரியாது."

இடுப்புப் பையின் மேல் அண்ணன் கை தானாகப் போய் உட்கார்ந்தது. கூப்பிடாமலே திரும்பி உள்ளே போவது என்பதை அவர் அதுவரை எந்தக் கடையிலும் செய்ததில்லை. அதோடு அடக்க விலை வேறு. முதலாளி அதைப் பார்த்தாள்.

"பரவாயில்லப்பா. நான் கடையிலயே இருந்துக்கறேன். கல்லு எங்கயும் போகாது."

லேசாகத்தான் சொன்னாள். வேறு தகப்பனாக இருந்தால் நம்பியிருப்பார், ஏன், சந்தோஷம்கூடப் பட்டிருப்பார். ஆனால் இவர் ஆயுள் முழுக்க 'பரவாயில்ல, வேணாம்' என்று சொல்கிறவர்களைப் பார்த்தவர். நிஜமாகவே வேண்டாதவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவான். வேண்டுமென்று துடிக்கிறவன் வாய் வேண்டாம் என்று சொல்லும், கை கைப்பிடியை விடாது. அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கல்லூரிக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த அவள் விரல்களைப் பார்த்தார். அவை வெளுத்திருந்தன.

உள்ளே போன தகப்பனும் மகனும் வெளியே வந்ததும் அண்ணன் எழுந்து கதவைத் தட்டினார்.

"மேடம், உள்ள வரலாமா? கதவச் சாத்திக்கலாமா?"

அந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். சாத்திக்கொள்ளச் சொன்னார். விஷயத்தை முதலாளிதான் எடுத்துச் சொன்னாள். விண்ணப்பத்தில் சரக்கின் விலை தவறு, திருத்த வேண்டும், பில் இருக்கிறது. அண்ணன் பையை அவிழ்த்தார். மடிப்பு மடிப்பாக, கசங்கி, வியர்வை பட்டு மெத்தென்று ஆகிவிட்ட தாள்கள். அவற்றைத் தன் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சாவுச் செய்தி சொல்கிற குரலில் ஆரம்பித்தார்.

"பள்ளிக்கூடப் பை, சின்னது. இருபத்தெட்டு."

"இருபத்தெட்டா?" முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "அறுபதுக்கு விக்கறமே!"

"மெதுவா பேசு."

நானும் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கென்று அவர் ஒரு எண் சொல்லியிருந்தார், அதற்குக் கீழே போனால் கடை மூழ்கும் என்று. "அண்ணே, இதுக்கு அடக்கமே நாப்பத்தஞ்சுன்னு எங்கிட்ட சொன்னியே!"

"உனக்கு எளகின மனசு. உண்மையச் சொன்னா முப்பதுக்குத் தூக்கிக் குடுத்துருவ."

அதிகாரி அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு தட்டச்சு செய்தார். தோள்பை, கைப்பை, மடிக்கணினிப் பை, நடுத்தரப் பெட்டி. ஒவ்வொரு எண்ணுக்கும் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு. திரையில் எங்கள் சொத்து கரைந்துகொண்டே வந்தது. அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தோடு யாரும் ஏழையாகியிருக்க மாட்டார்கள். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். அந்த அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால், சுவரோரமாக, மேலே நான்கைந்து கோப்புகளை அடுக்கிவைத்து, ஒரு நீலச் சக்கரப் பெட்டி. பெரியது. கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடா. எங்கள் கடையில் விற்கும் பெட்டிகளுக்கு அந்த நாடாவைக் கட்டுவது நான். அந்த முடிச்சு என் முடிச்சு.

அண்ணனைத் தொடையில் கிள்ளினேன். அவர் ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தார். பில்களை மறுபடி முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.

"ஒண்ணுதான் பாக்கி" என்றார் அந்த அம்மா, திரையைப் பார்த்தபடி. "இருக்கறதுல பெரிய தொகை இதுதான். சக்கரப் பெட்டி, நீலம், பெருசு. தொண்ணூறு உருப்படி. ஒண்ணு அறுநூறுன்னு போட்டிருக்கீங்க."

அண்ணன் இருமினார். தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருக்கிறது என்றார். முதலாளிக்கு எதுவும் தெரியவில்லை. "சொல்லுங்கப்பா. இதுதான் முக்கியம்."

"நூத்தித் தொண்ணூறு."

தட்டச்சுச் சத்தம் நின்றது. அந்த அம்மா நாற்காலியை மெல்லப் பின்னால் திருப்பி, பெட்டியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"நான் முந்நூத்தி முப்பது குடுத்தேன்" என்றார். "பாதி வெலைக்கு அடிச்சு வாங்கினேன்னு வீட்டுல ரெண்டு நாள் பெருமை பேசினேன்."

ஒரு சாதாரண மனிதன் மன்னிப்புக் கேட்டிருப்பான், அல்லது மயங்கி விழுந்திருப்பான். அண்ணன் வாயிலிருந்து வந்தது இது.

"பொட்டி நல்லா ஒழைக்குதா மேடம்?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். அடக்கி அடக்கி வைத்திருந்த சிரிப்பு போலிருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒழைக்குது, ஒழைக்குது. சக்கரம்கூடத் தேயல."

"சரக்கு அப்படி" என்றார் அண்ணன்.

"உங்க பக்கத்துக் கடையில, எனக்குப் பிடிக்காத ஒரு செருப்பக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? கூப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு உயிர் போச்சு." என்னைப் பார்த்தார். "நீங்கதான கூப்பிட்டது? உங்கள உடனே தெரிஞ்சுது. சார் வெளிய போய் டம்ளரக் கழுவினாரே, அப்ப நானும் கூப்பிட வாயெடுத்தேன். அந்தச் செருப்பு ஞாபகம் வந்துச்சு. விட்டுட்டேன்."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி அதிகாரி ஆனார். நூற்றுத் தொண்ணூறைத் தட்டினார். பில்களைப் படம் எடுத்துக்கொண்டார். முடிவு தன் கையில் இல்லை, குழுவின் கையில், ஆனால் மறுபரிசீலனை முடியும்வரை இடத்தை யாருக்கும் தர மாட்டார்கள் என்று சொல்லி ஒரு சீட்டில் முத்திரை வைத்துக் கொடுத்தார். முதலாளி அதை வாங்கிய விதத்தைப் பார்த்தால் தங்கத்தில் செய்தது என்று நினைப்பீர்கள்.

கிளம்பும்போது அண்ணன் சட்டைப் பையில் கை விட்டார். "மேடம், கடை வாடகை, கரண்டு, எங்க வயிறு எல்லாம் சேத்தாலும் இருநூத்தம்பதுதான் நியாயம். எண்பது கூட வாங்கிட்டோம். இந்தாங்க."

"உள்ள வைங்க சார்!" அந்த அம்மா நிஜமாகவே பதறினார். "உங்க பொண்ணு விண்ணப்பம் இங்க மேசை மேல இருக்கு. இப்ப நீங்க நீட்டறதுக்கு வேற பேரு."

"எனக்குக் கடன் வச்சுப் பழக்கமில்ல மேடம்."

"பழகிக்கங்க. பொண்ணு படிச்சு முடிக்கட்டும். அன்னிக்கு நானே கடைக்கு வந்து வாங்கிக்கறேன்."

அடுத்த வாரம், அண்ணி ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது, முதலாளியின் போனில் செய்தி வந்தது. உதவித்தொகை பதினைந்தாயிரம். அவள் கத்திய கத்தலில் அந்த ஆள் பயந்துபோய், பேரம் பேசாமல் சொன்ன விலையையே கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் கடையின் வரலாற்றில் அது ஒரே முறை. அண்ணன் தெருவுக்கு இறங்கி, செருப்புக்கடைவரை நடந்து, திரும்பி வந்தார். வரும்போது முகத்தில் அந்தக் களை இருந்தது.

வங்கியில் மாணவர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டாள். அவள் பெயரில் முதல் கடன். "வட்டியில கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று அண்ணன் ஆரம்பிக்க, அந்த எழுத்தர், அதெல்லாம் மேலேயிருந்து வருவது என்றார். அண்ணன் மேலே நிமிர்ந்து பார்த்தார். விளக்குதான் இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள், சாயங்காலம், முதலாளி தனக்கொரு பெட்டி எடுக்கக் கடைக்கு வந்தாள், வாசல் வழியாக, வாடிக்கையாளர் மாதிரி. நீலம், பெரியது. சக்கரத்தை உருட்டிப் பார்த்தாள், ஜிப்பை இழுத்தாள்.

"வாங்கறதுன்னா தொடு" என்றார் அண்ணன்.

"என்ன வெல?"

"கடைசி வெல சொல்றேன். அறுநூறு."

"நூத்தித் தொண்ணூறு."

அண்ணன் பெட்டியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஆயுளில் யாரும் அந்த எண்ணைச் சொல்லிப் பேரத்தை ஆரம்பித்ததில்லை. அண்ணி கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அவளுக்கும் இப்போது எல்லா அடக்கமும் தெரியும், மகள் அன்றைக்கே ஒப்பித்துவிட்டாள். அண்ணன் வாடகை என்றார், கரண்டு என்றார். லாபமே இல்லாமல் ஒரு பெட்டி கடையை விட்டு இறங்கினால் மற்ற பெட்டிகள் தன்னைப் பற்றி என்ன நினைக்கும் என்றார். முதலாளி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தாள். செருப்புக்கடை வாசலில் ஒரு செருப்பை எடுத்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன், அவர் தலையை ஆட்ட, "சரி வா, வா, உனக்காக" என்று கூப்பிட்டேன். இருநூறுக்கு முடிந்தது. பத்து லாபம்.

"காசு?"

"கடன்ல எழுதுங்க அத்த. வேலைக்குப் போனதும் தர்றேன்."

எங்கள் கடையில் கொடுக்கல் வாங்கலைச் சாக்கட்டியால் ஷட்டரின் உள்பக்கத்தில்தான் எழுதுவது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் எல்லாம் சுருண்டு மேலே போய்விடும், ஒரு வாடிக்கையாளர் கண்ணிலும் படாது. சாயங்காலம் உள்ளேயிருந்து இறக்கினால் வரி வரியாக இறங்கி வந்து எங்களைப் பார்க்கும். அன்று சீக்கிரமே இறக்கினோம். முதலாளி நீலப் பெட்டியின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கைப்பிடியில் நான் சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டு, சாக்கட்டியை எடுத்தேன். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒளிக்காமல், உரக்கவே சொன்னார்.

படிப்பும் விடுதியும், முதல் வருடம் — 24,600
உதவித்தொகை — 15,000
மாணவர் கடன், முதலாளி பெயரில் — 7,000
கடையிலிருந்து — 2,600
நேர்.

முதலாளி, நீலப் பெட்டி ஒன்று — 200, வர வேண்டியது.
மேடம், நீலப் பெட்டி வகையில் — 80, தர வேண்டியது.